பல மரம் சேர்ந்த கடைசல்: டன்பிரிட்ஜ் வெல்ஸ் குச்சிவேலையின் வரலாறு

வெவ்வேறு நிறமுள்ள மரங்களின் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாக்கி, ஒட்டு இறுகியபின் அக்கட்டையைக் கடைசல் பொறியில் பூட்டிச் சுழலவிட்டு, உளியால் கடைந்து சிமிழாகவோ கிண்ணமாகவோ உருவெடுக்கச் செய்யும் வேலையில் வண்ணப்பூச்சுக்கு இடமில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு நிறமும் ஏதோ ஒரு மரத்தின் உடம்பு நிறம். மேலே தெரியும் கோலம் கட்டையின் ஆழம்வரை ஓடிக் கிடப்பது. இவ்வேலை இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் சிறு நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு முழுத் தொழிலாகவே தழைத்திருந்தது. அந்நகரின் மரவேலையைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் பெட்டி மூடிகளில் பதிக்கப்பட்ட மரச்சில்லுப் படங்களையே வியந்து பேசியிருக்கின்றனர். ஆனால் அப்படங்களுக்கு அடிப்படையான நுட்பம் கடைசல்காரரின் கையில் கிடந்த குச்சிக்கட்டிலேயே முழுமையாக அடங்கியிருக்கிறது என்பதையும், கைத்திறனும் மர அறிவும் நேருக்கு நேர் சந்தித்த இடம் அதுவே என்பதையும் அத்தொழிலின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

நகரம் பிறந்ததே ஓர் ஊற்றினால்தான். 1606-ஆம் ஆண்டு டட்லி நார்த் என்னும் பிரபு, எரிட்ஜ் என்ற இடத்தில் தங்கியிருந்து லண்டனுக்குத் திரும்பும் வழியில், காட்டுக்குள் செந்நிறக் கறை படிந்த ஓர் ஊற்றைக் கண்டு, அந்நீர் உடல்நலத்துக்கு உகந்தது என்று பரப்பினார். இரும்புச்சத்து மிகுந்த அந்நீரைக் குடிக்கச் செல்வந்தர்கள் கோடைதோறும் வரத் தொடங்கினர். ஊற்றைச் சுற்றி நடைபாதையும், நடைபாதையை ஒட்டிக் கடைகளும், கடைகளுக்குப் பின்னால் தங்கும் விடுதிகளுமாக ஊர் வளர்ந்தது. வடக்கே ஐந்து மைல் தொலைவிலிருந்த டன்பிரிட்ஜ் என்னும் பழைய ஊரின் பெயரையே ஒட்டி இப்புது ஊரும் பெயர் பெற்றது. வீல்ட் என வழங்கும் அக்காட்டு நிலம் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் இரும்பு உருக்கும் தொழிலுக்கு நடுவிடமாக விளங்கியது; மண்ணிலிருந்த அதே இரும்புதான் ஊற்றிலும் கலந்திருந்தது. ஓக், பீச், யூ, ஹோலி, செர்ரி முதலிய மரங்கள் அடர்ந்திருந்த அந்நிலத்தில் மரம் கடைவோர் இருந்ததில் வியப்பில்லை. அவர்களுக்குக் குறைவாக இருந்தது வாங்குவோர் கூட்டம். அதை ஊற்று கொண்டுவந்து சேர்த்தது.

இங்கிலாந்து முழுவதும் குதிரைமேல் பயணம் செய்து குறிப்பெழுதிய சீலியா ஃபைன்ஸ் என்னும் பெண்மணி 1697-இல் இந்நகருக்கு வந்தபோது, நடைபாதைக் கடைகளில் விற்கப்பட்ட மெல்லிய மரச்சாமான்களுக்கு இவ்வூர் ஏற்கெனவே பெயர்பெற்றிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். வெண்மையான மரங்களிலும், கரீபியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்த லிக்னம் வைட்டே என்னும் மிகக் கடினமான மரத்திலும் அவை கடையப்பட்டிருந்தன. அடுத்த நூற்றாண்டில், 1766-இல் இந்நகரின் வரலாற்றை நூலாக எழுதிய தாமஸ் பெஞ்ச் பர், தேயிலைப் பெட்டி, ஒப்பனைப் பெட்டி, பொடிச்சிமிழ், பானம் மொள்ளும் கரண்டி எனப் பலவகைப் பொருள்கள் இங்கு விற்றதையும், ஊர் திரும்பும் வேளையில் உறவினருக்கும் நண்பருக்கும் அவற்றை வாங்கிச் செல்வது வழக்கமாகிவிட்டதையும், குளிர்காலத்தில் பலருக்கு இத்தொழில் வேலை கொடுத்ததையும் குறிப்பிடுகிறார். கோடையில் விற்பனை, குளிர்காலத்தில் உற்பத்தி என்ற இந்த ஆண்டுச் சுழற்சி தொழிலின் தன்மையையே வகுத்தது எனலாம். வெட்டிய மரம் உலர்வதற்கும், ஒட்டிய கட்டை இறுகுவதற்கும், பொறுமை கோரும் நுண்வேலைக்கும் ஆறேழு மாத அமைதி கிடைத்தது. மொத்த உழைப்பின் பலனும் சில கோடை வாரங்களில் கைக்கு வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டுச் சாமான்களில் பெரும்பாலானவை ஒரே மரத்தில் கடையப்பட்டு, சில வேளைகளில் வண்ணம் தீட்டப்பட்டோ அச்சுப்படம் ஒட்டப்பட்டோ விற்கப்பட்டவை. இவ்வகை எளிய சாமான்கள் லண்டனிலும் செய்யப்பட்டு டன்பிரிட்ஜ் பெயரில் விற்கப்பட்டதால், உள்ளூர்ப் பட்டறைகள் பிறர் எளிதில் பின்பற்ற முடியாத ஒன்றைத் தேடவேண்டியிருந்தது. முதலில் வெனீர் எனப்படும் மென்தகடுகளை முக்கோணமாகவும் சாய்சதுரமாகவும் வெட்டிப் பெட்டியின் மேல் பதித்தார்கள். வெளிர், நடு, அடர் என மூன்று நிற மரச் சாய்சதுரங்களை அடுக்கினால் தட்டையான மூடியின்மேல் கனசதுரங்கள் எழுந்து நிற்பதுபோல் தோன்றும். அந்தக் கனசதுரக் கோலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகவும் விரும்பப்பட்டது. ஆயினும் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே வெட்டித் தனித்தனியே பதிக்க வேண்டியிருந்ததால் உழைப்பு மிகுந்தது. உருண்டை வடிவப் பொருளுக்கு அது சற்றும் ஒத்துவரவில்லை.

இந்த இடத்தில்தான் குச்சிவேலை நுழைகிறது. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோன்றிய இந்நுட்பத்தை உருவாக்கிய பெருமை ஜேம்ஸ் பரோஸ் என்னும் உள்ளூர்த் தொழிலாளருக்கு உரியது என்று பொதுவாகக் கூறப்படுகிறது. முக்கோண, சதுர, சாய்சதுரக் குறுக்குவெட்டு கொண்ட நீண்ட மெல்லிய குச்சிகளாகப் பல மரங்கள் முதலில் அறுக்கப்படும். பின்னர் நடுவில் ஒரு குச்சியை வைத்து, அதைச் சுற்றி எதிரெதிர் நிறக் குச்சிகளை வகுத்த ஒழுங்கில் அடுக்கி, சூடான வச்சிரம் தடவி, முறுக்குக் கயிற்றால் தலையிலிருந்து அடிவரை நெருக்கமாகச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். வச்சிரம் என்பது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. அது ஆறத் தொடங்கினால் பிடிமானம் குறையும் என்பதால் அடுக்குதலும் கட்டுதலும் விரைந்து முடியவேண்டும். கயிற்றின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக இல்லையெனில் குச்சிகளுக்கிடையே மயிரிழை இடைவெளி தங்கிவிடும். அது கட்டும்போது தெரியாது, கடைந்து முடித்து மெருகேற்றும்போதுதான் கருங்கோடாக வெளிப்படும். நன்றாக உலர்ந்த கட்டு கயிறு நீக்கப்பட்டுக் காலால் மிதித்து இயக்கும் கடைசல் பொறியில் ஏற்றப்படும்.

கடைசலின்போது நிகழ்வது வடிவக்கணிதமே. கட்டையின் தலைப்பை, அதாவது குறுக்குவெட்டு முகத்தைத் தட்டையாகச் சீவினால், குச்சிகளின் முனைகள் சேர்ந்து நட்சத்திரமாகத் தோன்றும். பக்கவாட்டில் நேராகக் கடைந்தால் வெளிக் குச்சிகள் நேர்கோட்டுப் பட்டைகளாக நிற்கும். ஆனால் கடைசல்காரர் உளியைச் சற்று உள்ளே செலுத்திக் கழுத்துப்போல் ஒடுக்கும்போது, வெளிக்குச்சியின் உடல் சீவப்பட்டு அடுத்த அடுக்கின் நிறம் வெளியே வருகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லை நாக்கு வடிவ வளைவாகக் கீழிறங்குகிறது. ஒரே கட்டிலிருந்து கடையப்பட்ட குண்டுச் சிமிழும் ஒடுங்கிய தண்டும் இரு வேறு கோலங்களைக் காட்டுவது இதனால்தான். குச்சியை அடுக்கியவர் கோலத்தின் பாதியை மட்டுமே தீர்மானித்தார். மறுபாதி உளியின் வளைவில் தீர்மானமாயிற்று. எந்த ஆழத்தில் எந்த நிறம் கிடக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைபவரே இதில் தேர்ந்தவராக இருந்திருக்க முடியும்.

இவ்வாறு செய்யப்பட்டவை அனைத்தும் கைக்கடக்கமான பொருள்கள். ஊசிக்கூடு, குண்டூசி மெத்தைக்கான அடிப்பாகம், நூலுக்கு மெழுகு தடவும் சிறு உருளை, அளவுநாடாக் கூடு, விரலுறைச் சிமிழ், மோதிரம் மாட்டிவைக்கும் சிறு கிளைத்தண்டு என்று பெரும்பாலும் தையற்பெட்டியையும் ஒப்பனை மேசையையும் சேர்ந்தவை அவை. பெரிய பொருளுக்குக் கட்டு பருமனாக வேண்டும். பருமன் கூடினால் ஒட்டின் இறுக்கம் மையம்வரை செல்லாது. சிறு அளவு அத்தொழிலின் எல்லை. அந்த எல்லைக்குள் அது குறையில்லாமல் இருந்தது. எல்லாக் குச்சிகளின் நார் ஓட்டமும் ஒரே திசையில், கட்டையின் நீளவாக்கில், அமைந்திருந்தது மற்றொரு வலிமை. மரம் ஈரக்காற்றில் அகலவாக்கில் விரியும், வறண்ட காற்றில் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டால் இந்த வேறுபாடு காலப்போக்கில் ஒட்டைப் பிளந்துவிடும். குச்சிவேலையில் அந்த இழுபறி மிகக் குறைவு என்பதால் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கடந்த ஊசிக்கூடுகள் இன்னும் வாய்பிளக்காமல் இருக்கின்றன.

நிறங்களைத் தேடிய விதம் இத்தொழிலின் மிக வளமான பகுதி. வெள்ளைக்கு ஹோலி, மஞ்சளுக்கு முட்செடியான பார்பெரியின் தண்டு, செம்பழுப்புக்கு யூ, கருமைக்குக் கருங்காலி என்று உள்ளூர் மரமும் கடல்கடந்த மரமும் ஒரே கட்டில் அருகருகே அமர்ந்தன. கருங்காலியின் ஒரு பகுதி இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் கப்பலேறியது. இலங்கைக் காடுகளில் மட்டுமே வளரும், பழுப்பில் கருவரி ஓடும், கோரமண்டல் என்றும் கலமாண்டர் என்றும் ஆங்கிலேயர் அழைத்த அரிய மரமும் பெட்டிகளின் மேற்தகடாக டன்பிரிட்ஜ் வெல்ஸ் பட்டறைகளுக்கு வந்தது. 1859-இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட எமர்சன் டென்னன்ட், அம்மரம் அப்போதே ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்ததை எழுதியிருக்கிறார். ஐரோப்பிய மேசைகளின் மேல் மினுங்கிய அச்சிறு பெட்டிகளுக்கு இலங்கைக் காடு கொடுத்த விலையை இத்தொழிலின் வரலாற்றிலிருந்து பிரித்துவிட முடியாது.

பச்சையும் சாம்பலும்தான் கடினமாக இருந்தன. தானாகவே பச்சையாக இருக்கும் மரம் மிக அரிது. அதற்கு வீல்ட் காடே விடை தந்தது. குளோரோசிபோரியா என்னும் பூஞ்சை விழுந்து கிடக்கும் ஓக் கிளைகளில் ஊடுருவும்போது மரத்தில் நீலப்பச்சை நிறம் ஏறிவிடுகிறது. அந்நிறம் மங்குவதும் இல்லை. காட்டுத் தரையில் கிடந்த அத்தகைய கிளைகளைத் தேடி எடுத்துவந்து பட்டறைக்கு விற்றார்கள். பெட்டி மூடிகளில் பதிக்கப்பட்ட மரச்சில்லு ரோஜாப் படங்களின் இலைகள் பெரும்பாலும் அந்தப் பச்சை ஓக்கினால் ஆனவை. சாம்பல் நிறத்துக்கு ஊரின் புகழுக்கே காரணமான ஊற்றுநீர் உதவியது. ஹோலி முதலிய வெளிர் மரங்களை அந்நீரில் ஊறவைத்தால், நீரிலுள்ள இரும்பு மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து சாம்பல் நிறமாக மாறுகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மை கறுப்பதும் இதே வேதிவினையால்தான். செல்வந்தர் கோப்பையில் ஏந்திக் குடித்த நீரையே சாயத்தொட்டியாகக் கண்ட அந்தத் தொழிலாளரின் கூர்மையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

குச்சிக்கட்டைக் கடையாமல் குறுக்கே மெல்லியதாக அறுத்தால், ஒவ்வொரு வில்லையிலும் அதே நட்சத்திரக் கோலம் கிடைக்கும் என்பது விரைவில் உணரப்பட்டது. அவ்வில்லைகளைப் பெட்டிகளின் மேல் பதித்தது அரைச்சதுரச் சில்லுவேலை எனப்பட்டது. சதுரத்தை மூலைவிட்டமாகப் பிளந்த முக்கோணங்களால் அமைந்ததால் அப்பெயர். அதன் அடுத்த படி படம். பூத்தையலுக்காக ஜெர்மனியின் பெர்லினிலிருந்து வந்த கட்டம்போட்ட தாள்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் குறிக்கப்பட்டிருந்தது. அந்த வரிசைப்படியே மரப்பட்டைகளை அடுக்கி ஒட்டி, ஒட்டிய பலகையை மீண்டும் மெல்லிய வரிச்சுகளாக அறுத்து, அவ்வரிச்சுகளை வரிசைக்கு வரிசை சேர்த்து ஒரே கட்டையாக்கினார்கள். கட்டையின் தலைப்பில் ரோஜாவோ கோட்டையோ தெரியும். அதிலிருந்து அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு பருமனுள்ள தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தெடுத்தால் ஒரே படம் பல பிரதிகளாகக் கிடைத்தது. எரிட்ஜ் கோட்டை, பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகை, பேஹம் மடத்தின் இடிபாடுகள், டோவர் கோட்டை முதலியவை பெட்டி மூடிகளில் இவ்வாறு இடம்பெற்றன.

இத்துறையில் எட்மண்ட் நை பெரும் பெயர் ஈட்டினார். 1851-இல் லண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த உலகப் பெருங்கண்காட்சியில், கடலில் செல்லும் கப்பலின் காட்சியைக் கொண்ட ஒரு மேசையை அவர் வைத்தார். அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரச்சில்லுகள் இருந்தன. 1863-இல் அவர் மறைந்தபின் பட்டறை அவரிடம் பணிசெய்த தாமஸ் பார்ட்டனுக்கு வந்தது. ஹென்றி ஹாலம்பி என்னும் மற்றொருவர் பரோஸ் குடும்பப் பட்டறையை ஏற்று நடத்தி, கடற்கரை ஊர்களின் கடைகளுக்கும் சரக்கு அனுப்பினார். 1845-இல் நகருக்கு ரயில் பாதை வந்தபின் ஒருநாள் பயணிகளின் கூட்டம் பெருகியதும், அவர்கள் கேட்டது பெரும்பாலும் மலிவான சிறு நினைவுப்பொருளே என்பதும் பட்டறைகளின் போக்கை மாற்றின. எண்ணிக்கையில் வியப்பூட்டிய படமேசைகளைக் கண்டோர் வாய்பிளந்தனர். எனினும் சில்லுகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, மரம் வண்ணநூலின் வேலையைச் செய்யத் தொடங்கியது என்றே சொல்லவேண்டும். ரேகையோ மினுமினுப்போ தெரியாத அளவுக்குச் சில்லு சிறுத்துவிட்டபின் அது ஓக்கா, செர்ரியா என்பதற்குப் பொருளில்லை. குச்சிக் கடைசலில் ஒவ்வொரு மரமும் தன் முகத்தோடு நின்றது.

அதே 1851 கண்காட்சியில் பம்பாயிலிருந்து வந்த பதிப்புவேலைப் பெட்டிகளும் வைக்கப்பட்டிருந்தன. சடேலி என வழங்கும் அவ்வேலையில் கருங்காலி, தந்தம், கொம்பு, வெள்ளீயம் ஆகியவற்றை முக்கோணக் குச்சிகளாக்கி, கட்டாகச் சேர்த்து ஒட்டி, குறுக்கே அறுத்த வில்லைகளைச் சந்தனப் பெட்டியின்மேல் பதிப்பார்கள். ஈரானின் ஷிராஸ் நகரில் தழைத்த காத்தம் என்னும் கலையிலிருந்து சிந்து வழியாகச் சூரத்துக்கும் பம்பாய்க்கும் அது வந்து சேர்ந்தது. கட்டும் முறையிலும் அறுக்கும் முறையிலும் சடேலியும் டன்பிரிட்ஜ் வேலையும் உடன்பிறப்புகள் போன்றவை; ஆனால் சடேலிக்காரர் கட்டை வில்லையாக அறுத்துத் தட்டையான பரப்பில் பதிப்பதையே தொழிலாகக் கொண்டார். ஜப்பானின் ஹகோனே மலைப்பாதையிலுள்ள ஹதாஜுகு கிராமத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இஷிகாவா ஜின்பெய் என்பவர் தொடங்கியதாகப் போற்றப்படும் யோசெகி வேலையோ இரண்டையும் கைக்கொண்டது. அங்கே ஒட்டிய கட்டையை இழைப்புளியால் தாள்போல் சீவிப் பெட்டிகளில் ஒட்டுவதும் உண்டு, கட்டையை அப்படியே கடைந்து கிண்ணமாக்குவதும் உண்டு. எடோவையும் கியோட்டோவையும் இணைத்த நெடுஞ்சாலையில் செல்வோரும் வெந்நீர் ஊற்றுகளுக்கு வருவோரும் அதை வாங்கினர். ஊற்றும் காடும் வழிப்போக்கரும் சேர்ந்த இடத்தில் ஒரேவகைத் தொழில் உலகின் இரு மூலைகளில் எழுந்தது. ஹகோனே வேலை 1984-இல் ஜப்பானிய அரசால் மரபுக் கைவினையாக அறிவிக்கப்பட்டு இன்றும் நடைபெற்றுவருகிறது.

டன்பிரிட்ஜ் வெல்ஸில் அவ்வாறு நிகழவில்லை. ஸ்காட்லாந்தின் மாக்லின் ஊரிலிருந்து வந்த, ஊர்க்காட்சிகளை அச்சிட்டு ஒட்டிய மரச்சாமான்கள் பன்மடங்கு மலிவாக இருந்தன. பின்னர் சின்னம் பொறித்த பீங்கானும் படஅஞ்சலட்டையும் நினைவுப்பொருள் சந்தையைப் பிடித்தன. 1891-இல் ஹாலம்பியின் பட்டறை தீக்கிரையானது. 1903-இல் பார்ட்டன் இறந்தார். எஞ்சியிருந்த பட்டறையும் 1920-களில் மூடப்பட்டது. சசெக்ஸிலுள்ள ரை நகரில் மட்டும் இரண்டாம் உலகப்போர் வரும்வரை சிறிதளவு வேலை நடந்தது. நாள்கணக்கில் குச்சி அடுக்கிய உழைப்புக்கு ஏற்ற விலையைத் தர வாங்குவோர் முன்வராததே இந்த வீழ்ச்சியின் வேர்.

துண்டு சேர்த்துக் கடையும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு வடிவில், முதன்மையாக அமெரிக்காவில், மீண்டும் எழுந்தது. 1986-இல் அங்கு மரம் கடைவோர் சங்கம் தொடங்கப்பட்டது. தென்மேற்கு அமெரிக்கப் பழங்குடியினரின் மட்பாண்ட வடிவங்களை மரத்துண்டுகளால் கடைந்த ரே ஆலன் போன்றோர் இக்கலையைப் பெரிய பாண்டங்களுக்குக் கொண்டுசென்றனர். இம்முறையில் குச்சிகளுக்குப் பதிலாக, சரிவாக அறுத்த துண்டுகள் வளையமாக ஒட்டப்பட்டு, வளையத்தின்மேல் வளையமாக அடுக்கிக் கடையப்படுகின்றன. பன்னிரண்டு துண்டுகளால் ஆன வளையத்தில் ஒவ்வொரு முனையும் 15 பாகைச் சரிவில் அறுபடவேண்டும். முனைக்கு அரைப் பாகை பிசகினாலும் 24 முனைகளில் அது 12 பாகையாகப் பெருகி, கடைசி மூட்டு வாய்திறந்து நிற்கும். நார் ஓட்டம் வளையத்தைச் சுற்றியே செல்வதால் பெரிய கிண்ணமும் சுவர் பிளவாமல் நிற்கிறது. டன்பிரிட்ஜ் குச்சிக்கட்டால் எட்டமுடியாத அளவை இம்முறை எட்டியது.

டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகர அருங்காட்சியகத்தின் சேகரிப்பு 2022-இல் திறக்கப்பட்ட அமீலியா என்னும் புதிய கட்டடத்துக்கு இடம்மாறியிருக்கிறது. பெட்டிகளின் அடியில் நை, பார்ட்டன், ஹாலம்பி ஆகியோரின் அச்சிட்ட சீட்டுகள் ஒட்டப்பட்டிருப்பதால் அவற்றைச் செய்த பட்டறை தெரிகிறது. கடைந்த சிறு சாமான்களிலோ சீட்டு ஒட்ட இடமில்லை. எனவே அவற்றுள் பெரும்பாலானவை செய்தவர் பெயரின்றியே நிற்கின்றன. வெயிலும் வெளிச்சமும் பட்டுப் பார்பெரியின் மஞ்சள் வெளுத்திருந்தாலும், நிறம் மேற்பரப்போடு நின்றுவிடாததால் குச்சிவேலைக்குள் அது இன்னும் கெடாமல் கிடக்கிறது. மேற்பூச்சாக ஒட்டப்பட்ட மெல்லிய படத்தகட்டுக்கு அந்த ஆழம் இல்லை. கையால் அடுக்கிய எந்த இரு கட்டுகளும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு குச்சி சற்றே திரும்பியிருக்கும், ஒரு முக்கோணம் மற்றதைவிடத் தடித்திருக்கும். இரண்டு ஊசிக்கூடுகளின் தலைப்பில் அதே திரும்பிய குச்சி அதே இடத்தில் காணப்பட்டால், அவை ஒரே கட்டிலிருந்து ஒரே பட்டறையில் பிறந்தவை என்று முடிவு செய்யலாம்.